சோபாவிலிருந்து சுவர் எவ்வளவு தூரம்?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். நேற்று போனில் நீ கேட்டதற்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். புது வீட்டுக்கு டிவி வாங்க வேண்டும், 4கே போதும் என்கிறாய் நீ. மாப்பிள்ளை 8கே என்கிறார். இன்னும் ஐந்தாறு வருடத்தில் எல்லார் வீட்டிலும் 8கே வந்துவிட்டால் இப்போது வாங்குவது பழசாகிவிடாதா என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். முப்பத்தைந்து வருடம் டிவி பழுது பார்த்து உங்களை வளர்த்தவன் நான். இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நகர மனம் வரவில்லை.

நான் தொழில் பழகிய காலத்தில் டிவி என்றால் 625 கோடுகள். அதிலும் கண்ணுக்குப் படுவது 576 தான். "படம் தெளிவாக இல்லை" என்று சொல்லித்தான் பாதிப் பேர் செட்டைத் தூக்கி வருவார்கள். கோடுகளின் எண்ணிக்கையை யாராலும் மாற்ற முடியாது. ஆனாலும் அவர்கள் வீட்டுக்குப் போகும்போது தெளிவான படத்தோடுதான் போனார்கள். ஃபோகஸ் நகர்ந்திருக்கும், டியூபில் எமிஷன் குறைந்து வெள்ளை சாம்பலாகியிருக்கும், கான்ட்ராஸ்ட் படுத்திருக்கும், இல்லையென்றால் ஆன்டெனா திரும்பியிருக்கும். தெளிவு என்று மனிதர்கள் சொல்வது ஒரே ஒரு விஷயத்தை அல்ல என்று அன்றைக்கே புரிந்துகொண்டேன். இனிமேல் நான் சொல்லப்போவது எல்லாம் அந்தப் பாடத்திலிருந்து வந்ததுதான்.

முதலில் கணக்கு. ஃபுல் எச்டி திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 பிக்சல், அதாவது படத்தை உண்டாக்கும் சின்னப் புள்ளிகள். மொத்தம் ஏறக்குறைய 20 லட்சத்து 70 ஆயிரம். 4கே என்றால் 3840, 2160. மொத்தம் 83 லட்சம். 8கே என்றால் 7680, 4320. மொத்தம் 3 கோடியே 30 லட்சம். ஒவ்வொரு படியிலும் நான்கு மடங்கு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2012-இல் கொண்டுவந்த ஒரே பரிந்துரையில் 4கே, 8கே இரண்டுக்கும் இலக்கணம் வகுத்துவிட்டது. இரண்டும் ஒன்றாகப் பிறந்த குழந்தைகள். ஒன்று ஊரெல்லாம் ஓடிவிட்டது, இன்னொன்று இன்னும் வாசலைத் தாண்டவில்லை. ஏன் என்று யோசித்தால் மாப்பிள்ளையின் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

4கே எல்லார் வீட்டுக்கும் வருமா என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை, வந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அது வந்த விதத்தைக் கவனி. 2012-இல் 4கே செட்டுகள் கடைக்கு வரத் தொடங்கியபோது பெரும்பாலும் 84 அங்குலம், அதில் போட்டுப் பார்க்கப் படமே இல்லை. இணையத்தில் படம் தரும் நிறுவனங்கள் 2014 வாக்கில்தான் 4கே-யில் அனுப்பத் தொடங்கின. அல்ட்ரா எச்டி புளூரே தட்டு வந்தது 2016-இல். ஜனங்கள் கேட்டு 4கே வரவில்லை. டிவியின் திரைப் பலகையான பேனலைச் செய்யும் ஆலைகள் பெரிய அளவுகளில் ஃபுல் எச்டி செய்வதையே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு 4கே-க்கு மாறின. 55 அங்குலம் வேண்டும் என்று போனவர் 4கே-யோடு திரும்பினார். அவர் கேட்டது பெரிய திரை, பிக்சல் கூடவே வந்தது. ஆனால் 32 அங்குலத்தைப் பார், இன்றைக்கும் பல செட்டுகளில் 768 கோடுகள்தான். அந்த அளவில் கூடுதல் பிக்சல் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

2010-இல் முப்பரிமாண டிவி என்று ஒன்று வந்தது உனக்கு நினைவிருக்கும். கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். 2017-க்குள் பெரிய நிறுவனங்கள் எல்லாம் கைவிட்டுவிட்டன. பார்ப்பவரைத் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னது அது. 4கே அப்படி எதையும் கேட்கவில்லை, அதனால் நிலைத்தது.

8கே-யும் எதையும் கேட்கவில்லையே என்று மாப்பிள்ளை சொல்வார். கேட்கிறதம்மா. கிட்டே வந்து உட்காரச் சொல்கிறது.

கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார். அந்த விரலின் அகலம் உன் கண்ணுக்கு ஏறக்குறைய இரண்டு பாகை (டிகிரி). ஒரு பாகைக்குள் எத்தனை பிக்சல் வரை கண்ணால் பிரித்தறிய முடியும் என்பதுதான் இந்த முழு விவகாரத்தின் உயிர்நாடி. கண் மருத்துவர் சுவரில் எழுத்துப் பலகை மாட்டிப் பார்ப்பாரே, அந்தக் கணக்குப்படி நல்ல பார்வைக்கு 60. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல் நேரடியாகத் திரையை வைத்தே அளந்து, கறுப்பு வெள்ளையில் சராசரியாக 94 வரை தெரிகிறது என்று சொன்னார்கள். சிவப்பு–பச்சைக்கு 89, மஞ்சள்–ஊதாவுக்கு 53. பழைய கணக்கைவிடக் கண் கூர்மையானது என்று தெரிந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

இப்போது அந்த 94-ஐ வைத்து நானே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். 55 அங்குலத் திரை, நீ உட்காரும் இடம் இரண்டரை மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள். ஃபுல் எச்டி என்றால் ஒரு பாகைக்குள் 69 பிக்சல்தான். கண் இன்னும் கொஞ்சம் கேட்கிறது, ஆகவே 4கே-க்கு மாறினால் வித்தியாசம் தெரியும். 4கே-யில் அது 137. கண்ணின் எல்லையைத் தாண்டியாயிற்று. 8கே-யில் 275. அந்த இரண்டாவது 137 யாருக்காக? அதே இடத்தில் 75 அங்குல 4கே வைத்தாலும் 101 வருகிறது, அதுவும் 94-க்கு மேல்தான். 80 அங்குலத்தைத் தாண்டினால்தான் 4கே 94-க்குக் கீழே இறங்கும், நூறு அங்குலத்தில் 76. 55 அங்குலத்தில் 8கே-க்குப் பயன் வேண்டுமென்றால் ஒன்றே முக்கால் மீட்டருக்கும் குறைவாக நெருங்க வேண்டும். பேரன் வேண்டுமானால் அப்படி உட்காருவான், நீதான் அவனைப் பின்னால் இழுப்பாய்.

இது அசையாத படத்துக்கு. அசைந்தால் கதையே வேறு. ஒரு பந்து திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இரண்டு நொடியில் போகிறது என்று வை. வீடியோ என்பது வரிசையாகக் காட்டும் அசையாப் படங்கள், ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் 120 தாவலில் கடக்கிறது. 4கே திரையில் ஒரு தாவலுக்கு 32 பிக்சல், 8கே-யில் 64. நம் கண் பந்தோடு வழுக்கிப் போகிறது, திரையோ ஒவ்வொரு ஃபிரேமையும் அடுத்தது வரும்வரை அசையாமல் பிடித்துவைக்கிறது. அதனால் அத்தனை பிக்சலும் ஒன்றாகக் குழைந்து தெரிகின்றன. நான்கு மடங்கு பிக்சல் கொடுத்துவிட்டு அதையே அசைவில் அழித்தால் என்ன லாபம்? 2012 பரிந்துரையில் நொடிக்கு 120 ஃபிரேமும் இடம்பெற்றதற்கு இதுவே காரணம். என்னைக் கேட்டால், பிக்சலைக் கூட்டுவதைவிட ஃபிரேமைக் கூட்டுவதில் விளையாட்டு பார்ப்பவர்களுக்கு அதிக நன்மை.

அடுத்தது படம் வந்து சேரும் குழாய். நொடிக்கு 60 ஃபிரேம் 4கே படத்தைச் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்குச் சுமார் 1000 கோடி பிட் ஓட வேண்டும். இணையத்தில் நமக்கு வருவது பெரும்பாலும் நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட் (ஒரு மெகாபிட் பத்து லட்சம் பிட்). 25 என்றே வைத்தாலும் நானூறில் ஒரு பங்கு. மீதியை எச்இவிசி, ஏவி1 போன்ற சுருக்க முறைகள் கண்ணுக்குத் தெரியாமல் வழித்துத் தள்ளிவிடுகின்றன. அது பெரிய வித்தை, அதைச் செய்தவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் இருட்டான காட்சியில், புகையில், மழையில் கட்டம் கட்டமாக உடைவதைப் பார்க்கிறாய் அல்லவா, அங்கே குறைவது பிட்டுகள், பிக்சல்கள் அல்ல. தாராளமாகப் பிட் கொடுத்த ஃபுல் எச்டி புளூரே, பட்டினி போட்ட 4கே-யைவிட நன்றாக இருப்பதை நானே பல முறை பார்த்திருக்கிறேன்.

போன மாதம் பேரன் முதன்முதலில் நடந்த அன்று நீ வீடியோ காலில் காட்டினாயே, அதைப் பெரிய டிவியில் போட்டுத்தான் பார்த்தோம். டிவி 4கே. வந்த படமோ, பெரும்பாலான வீடியோ காலைப் போல, 720 கோட்டைத் தாண்டியிருக்காது. மீதியை டிவியே இட்டு நிரப்பிக்கொண்டது. அவன் விழுந்து எழுந்ததும் அம்மா அழுதுவிட்டாள், அவளுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே 1995-இலேயே 8கே ஆராய்ச்சியைத் தொடங்கி, 2018 டிசம்பர் 1 அன்று செயற்கைக்கோள் வழியாக 8கே ஒளிபரப்பையே ஆரம்பித்தது. கால் நூற்றாண்டு உழைப்பு, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பெரும்பாலான நாடுகள் பின்தொடரவில்லை. பிக்சல் சிறிதாகச் சிறிதாக எல்சிடி பேனலுக்குள் வெளிச்சம் ஊடுருவும் இடம் குறைகிறது, பின்னால் விளக்கைக் கூட்ட வேண்டும், மின்சாரம் ஏறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில் மின்சார வரம்பை இறுக்கியபோது முதலில் இடித்தது 8கே செட்டுகளுக்குத்தான். சோனி 2025-இல் தன் 8கே வரிசையை நிறுத்திவிட்டது. செய்பவர்களே விலகும்போது, ஆலைகள் 4கே-யைத் தள்ளியதுபோல 8கே-யையும் தள்ளும் என்று நான் நம்பவில்லை. படம் பிடிப்பவர்களுக்கு, அறுவை சிகிச்சைக் கேமராவுக்கு, கண்ணுக்கு நெருக்கமாக மாட்டும் ஹெட்செட்டுக்கு அது வாழும். கூடத்துச் சுவரில் அது வழக்கமாகாது. இதுதான் என் தீர்ப்பு. சுவர் முழுதும் திரையாகும் ஒரு நாள் வந்தால் மறுபடி கணக்குப் போடலாம்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல ஆசை. இரண்டு வருடம் முன்பு எனக்குக் கண்புரை அறுவை செய்தார்கள் அல்லவா? கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்து அதே பழைய டிவியைப் போட்டேன். வானம் நீலமாக இருந்தது. அவ்வளவு நாள் அதை மங்கிய சாம்பலாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், தெரியவே இல்லை. பழுப்பேறிய லென்ஸ் நீலத்தைத் தின்றுகொண்டிருந்தது. டிவியில் ஒரு பிக்சல்கூடக் கூடவில்லை, ஆனால் என் ஆயுளில் பார்த்ததிலேயே பெரிய முன்னேற்றம் அதுதான். எச்டிஆர் என்று சொல்வது, அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் முறை, கிட்டத்தட்ட அந்த அனுபவத்தைத்தான் திரைக்குள் கொண்டுவரப் பார்க்கிறது. பழைய முறையில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், இதில் 1024. இருட்டு உண்மையில் இருட்டாக, விளக்கு உண்மையில் விளக்காக எரிய வேண்டும். அதற்கு நல்ல பேனல் வேண்டும். ஒவ்வொரு பிக்சலும் தானே அணையும் ஓஎல்இடி, அல்லது பின்விளக்கைப் பல பகுதிகளாகப் பிரித்து மங்கச் செய்யும் எல்சிடி. பெட்டியில் எச்டிஆர் என்று ஒட்டியிருந்தாலே போதும் என்று நினைக்காதே, வெளிச்சம் போதாத செட்டிலும் அதே ஸ்டிக்கர் இருக்கும்.

ஆகவே 4கே வாங்குங்கள். 8கே-க்கு வைத்த பணத்தை நல்ல பேனலுக்கும், தனியாக ஒரு ஸ்பீக்கருக்கும் செலவழியுங்கள். மெலிந்த டிவிகளின் ஒலி எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. பேரன் பெரியவனாகி விளையாட்டுக் கருவி கேட்பான், கருவியை டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ 2.1 இருந்தால் 4கே-யில் நொடிக்கு 120 ஃபிரேம் ஓடும். வாங்கிய அன்றே பட அமைப்பில் 'விவிட்' என்று இருப்பதை 'சினிமா'வுக்கு மாற்றிவிடு.

மாப்பிள்ளையிடம் நான் இப்படிச் சொன்னேன் என்று பக்குவமாகச் சொல், அவர் மனம் நோக வேண்டாம். அவரையே டேப் எடுத்து, சோபாவில் தலை சாயும் இடத்திலிருந்து சுவர்வரை அளக்கச் சொல். அந்த எண்ணை எனக்கு அனுப்பு. எத்தனை அங்குலம் வாங்கலாம் என்று கணக்குப் போட்டு மறுநாளே எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா