கோயில் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்: அந்த ஆறு கிரீடங்கள் வேண்டாம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் கமிட்டி உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது தீமிதித் திருவிழாவின் நிகழ்ச்சி நிரலைக் கையில் கொடுத்தார்கள். அதில் நாலாவது வரி: 'சிறப்பு விருந்தினர்களுக்குக் கிரீடம் சூட்டி மரியாதை செய்தல்.' விசாரித்தேன். போன வருஷம் மாதிரி அட்டைக் கிரீடம் இல்லையாம். வெள்ளி முலாம் பூசிய ஆறு கிரீடங்களைத் தமிழ்நாட்டிலிருந்து இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு, நம் டர்பனுக்கு வரவழைக்கப் போகிறார்களாம். இன்னும் முன்பணம் கட்டவில்லை என்று அந்தத் தம்பி சொன்னார். கட்டுவதற்கு முன்னால் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் ராத்திரியோடு ராத்திரியாக எழுதுகிறேன்.

நீங்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். கோயில் கூரை ஒழுகுகிறது, நன்கொடை வேண்டும், கொடுப்பவர்கள் மனம் குளிர வேண்டும். தமிழ்நாட்டு மேடைகளில் தலைவர்களுக்குக் கிரீடமும் வாளும் கொடுக்கிற வீடியோக்கள் தினமும் போனில் வருகின்றன. நாமும் செய்தால் என்ன என்று தோன்றியிருக்கும். ஆனாலும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கோயில் பாடசாலையில் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன்.

போன வருஷம் நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தலையில் கிரீடம் வைத்த விருந்தினர் முன்வரிசையில் நின்றார். குருக்கள் தீபாராதனைத் தட்டோடு வந்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கொஞ்சம் குனிய வேண்டும் இல்லையா? அவர் குனிந்ததும் கிரீடம் முன்னால் சரிந்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு வலது கையை மட்டும் நீட்டித் தீபத்தைத் தொட்டார். விபூதி பூச நெற்றியில் இடம் இல்லை. தங்கக் காகிதத்தின் விளிம்பு புருவம் வரைக்கும் இறங்கியிருந்தது. குருக்கள் ஒரு நொடி தயங்கி, விபூதியை அவர் உள்ளங்கையில் போட்டுவிட்டுப் போனார். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாம் வைத்ததை அவர் சுமந்தார், அவ்வளவுதான்.

அதே நேரத்தில் கரகம் எடுத்த நாலு பெண்கள் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஆற்றங்கரையிலிருந்து வெறுங்காலோடு நடந்து வந்தவர்கள். மேடைப் பேச்சு முடியட்டும் என்று நிறுத்தி வைத்திருந்தோம். ஒருத்தியின் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. செம்பைச் சுற்றிக் கட்டியிருந்த வேப்பிலை வாடித் தொங்கிவிட்டது. அவள் தலையில் இருந்தது அம்மன். அன்றைக்கு நாம் காக்க வைத்தது அம்மனைத்தான்.

பாடசாலையில் நான் 'முடி' என்று கரும்பலகையில் எழுதினால் அன்றைய பாடம் அதிலேயே போய்விடும். தலையில் முளைப்பதும் முடி, தலையில் சூட்டுவதும் முடி, மலையின் உச்சியும் முடி, கயிற்றில் போடுவது முடிச்சு. வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளைகள், "டீச்சர், எது சரியான அர்த்தம்?" என்று கேட்பார்கள். எல்லாமே சரி என்று சொல்வேன். பிறந்த எல்லாருக்கும் ஒரு முடி உண்டு. அதைத்தான் வேண்டிக்கொண்டு இறக்குகிறோம். காவடி நாளில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு நிற்கிற குழந்தை, தன்னிடம் இருந்த ஒரே மகுடத்தைக் கொடுத்துவிட்டுத்தான் நிற்கிறது.

சிலை செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பெருமாளுக்கு உயரமான கிரீட மகுடம், அம்மனுக்குப் பானையைக் கவிழ்த்து அடுக்கின மாதிரி கரண்ட மகுடம், சிவனுக்கு ஜடாமகுடம் என்று வைத்தார்கள். சிவனுடைய கிரீடம் என்பது அவர் சடையேதான். நம் மாரியம்மன் தலையைச் சுற்றி எழும்புகிற தீச்சுடரைப் பாருங்கள். அதைச் சுமக்கிறவளுக்காகத்தான் நாம் தீ மிதிக்கிறோம்.

இந்த மண்ணுக்கு வந்தும் இதே எண்ணத்தைத்தான் பார்க்கிறோம். இந்த மண்ணின் மக்களான ஜூலு இன ஆண்களுக்கு அந்தக் காலத்தில் 'இசிக்கோகோ' என்று ஒரு தலை வளையம் இருந்தது. நாரை வளைத்து, தலைமுடியோடு சேர்த்துத் தைத்து, மெழுகு பூசிக் கறுப்பாகப் பளபளக்கத் தேய்ப்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளும் தகுதி வந்தவன் என்று அரசர் அனுமதித்த பிறகே அதை வைத்துக்கொள்ளலாம். கல்யாணமான பெண்கள் அணிகிற அகலமான சிவப்புத் தொப்பி, 'இசிக்கோலோ', அதுவும் முதலில் செம்மண் பூசி விரித்துக் கட்டிய தலைமுடிதான். பொறுப்பு வந்தவர் என்பதற்கு அடையாளம். பணம் கொடுத்தவர் என்பதற்கு இல்லை.

என் பாட்டி, எங்கள் ஆயாவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. உம்கேனி ஆற்றோரம் தோட்டம் போட்டு, விடியும் முன்னே கத்தரிக்காயும் பச்சைமிளகாயும் கொத்தமல்லியும் கூடையில் ஏற்றி டர்பன் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனவர். கிளம்பும் முன்னால் பழைய சேலைத் துண்டை லேசாக ஈரம் பண்ணி, இரண்டு கையாலும் முறுக்கி, வளையமாக்கி, நுனியை உள்ளே செருகுவார். சும்மாடு. அதை உச்சியில் வைத்துக் கையால் ஒரு தட்டு தட்டுவார். மார்க்கெட்டில் கூடையை இறக்கியதும் அதே சும்மாட்டைப் பிரித்து உதறி முகத்தைத் துடைத்துக்கொள்வார். அந்தத் துணியின் நடுவில் வேர்வையும் மண்ணும் சேர்ந்த ஒரு வட்டக் கறை எத்தனை துவைத்தாலும் போகவில்லை.

பாரம் ஏற்றிய கூடையைத் தனியாளாகத் தூக்கித் தலையில் வைக்க முடியாது. இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். ஆயாவுக்குக் கை கொடுத்தவர் பக்கத்தில் சோளக்கதிர் விற்ற ஒரு ஜூலு அம்மா. அவர் தலையிலும் ஒரு வளையம் இருக்கும், புல்லால் முறுக்கியது. அதற்குப் பெயர் 'இன்காத்தா'. முதலில் அவர் ஆயாவின் கூடையைத் தூக்கிவிடுவார், அப்புறம் ஆயா அவருடையதை. நான் சின்னப் பெண்ணாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஜூலு மக்கள் எல்லாரையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கும் புனிதப் பொருள் என்று அரசர் வீட்டில் காத்து வந்ததும் ஒரு இன்காத்தாதான். தண்ணீர்க்குடம் சுமக்கிற பெண் தலையில் வைக்கும் அதே வளையத்தின் பெயர், அதே வடிவம். 1879-ஆம் வருஷப் போரில் ஆங்கிலப் படை அதை எரித்தது. சும்மாட்டை நாட்டின் சின்னமாக வைத்திருந்த மக்களோடுதான் நாம் இத்தனை காலம் வாழ்கிறோம் என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அந்தப் போருக்கு ஆறு வருஷம் முன்னால், 1873-இல், இங்கே ஆண்ட ஆங்கிலேயரின் நேட்டால் அரசாங்கத்தின் சார்பில் ஷெப்ஸ்டோன் என்ற அதிகாரி ஜூலு நாட்டுக்குப் போய் செட்ஷ்வாயோ அரசருக்குத் தன் கையால் ஒரு கிரீடம் வைத்தார். ஜரிகை வேலை செய்த கிரீடம். 1879 ஜனவரியில் அவர்களே படையோடு உள்ளே நுழைந்தார்கள். ஆகஸ்டில் அரசரைப் பிடித்துக் கேப் டவுனுக்கு நாடு கடத்தினார்கள். தலையில் ஒருவர் கிரீடம் வைக்கும்போது, அந்தத் தலை தன் சொல்லைக் கேட்கும் என்றும் எதிர்பார்த்துத்தான் வைக்கிறார். நாம் நன்கொடைக்காக வைத்தாலும் அந்த எதிர்பார்ப்பு நம்மிடமும் இருக்கும், வாங்குகிறவரிடமும் இருக்கும். இன்றைய ஜூலு அரசர் மிசுசூலுவை ஏற்கும் விழா 2022 அக்டோபரில் நம் ஊர் மோசஸ் மபிடா மைதானத்தில்தானே நடந்தது? ஜனாதிபதி ராமபோசா அவர் கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்தார். அரசரானதற்கான சடங்கு அதற்கு முன்பே, ஆகஸ்டில், மாட்டுத் தொழுவத்துக்குள் முன்னோர் முன்னிலையில் நடந்திருந்தது.

உலகத்திலேயே பெரிய கிரீடக் கதை ஒன்றும் நம் நாட்டு மண்ணிலிருந்து போனதுதான். 1905-இல் பிரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் கிடைத்த கல்லினன் வைரம் 3,106 காரட். அந்தப் பகுதியை ஆண்ட டிரான்ஸ்வால் அரசாங்கம் அதை விலைக்கு வாங்கி 1907-இல் இங்கிலாந்து அரசர் ஏழாம் எட்வர்டுக்குப் பரிசாகக் கொடுத்தது. அதிலிருந்து வெட்டிய 317 காரட் கல் இன்றைக்கும் இங்கிலாந்து அரசரின் கிரீடத்தில் இருக்கிறது. எலிசபெத் ராணி 2018-இல் தொலைக்காட்சியில் ஒரு விஷயம் சொன்னார்: அந்தக் கிரீடத்தை வைத்துக்கொண்டு குனிந்து உரையைப் படிக்க முடியாது, தாளைத்தான் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும், குனிந்தால் கழுத்து ஒடிந்துவிடும் என்று. அதைக் கேட்டபோது எனக்கு நம் விருந்தினரின் இடது கைதான் ஞாபகம் வந்தது. குனிய முடியாத ஒன்றை அம்மன் சன்னதியில் ஒரு மனிதர் தலையில் ஏன் வைக்க வேண்டும்?

கிரீடமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. என் பெரியப்பா தெருக்கூத்து ஆடியவர். இங்கே சிக்ஸ்-ஃபுட் டான்ஸ் என்று சொல்வார்களே, அதுதான். கண்ணாடித் துண்டுகளும் கலர் காகிதமும் ஒட்டிய மரக்கிரீடத்தைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகுதான் தலையில் ஏற்றுவார். ராத்திரி முழுக்க அர்ஜுனன். விடிந்ததும் கழற்றித் துணி சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, தாடையில் கயிறு அறுத்த தழும்போடு சர்க்கரை மில்லுக்கு வேலைக்குப் போவார். அவர் கிரீடத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கொடுத்தவர்களைக் கௌரவிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பழைய தமிழில் முடியுடை வேந்தர் என்றால் சேர, சோழ, பாண்டியர் மூவர் மட்டும்தான். முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரிக்கு முடி கிடையாது. அவர் வேளிர், சின்ன மலைநாட்டுத் தலைவர். ஆனால் வள்ளல் என்று சொன்னதும் நம் பிள்ளைகள் சொல்லுகிற முதல் பெயர் பாரிதானே? கூற்றுவ நாயனார் கதையையும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நாடெல்லாம் ஜெயித்துவிட்டு, தனக்கு முடிசூட்டும்படி தில்லைவாழ் அந்தணர்களைக் கேட்டார். சோழ மரபுக்கு அல்லாமல் சூட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் வருந்தி இறைவனிடம் வேண்ட, கனவில் இறைவன் தன் திருவடியையே அவருக்கு முடியாகச் சூட்டினார்.

அந்தத் திருவடி முடி நம் கோயிலிலும் இருக்கிறது. பெருமாள் சன்னதியில் பார்த்ததில்லையா, சடாரி? கிரீடம் மாதிரிதான் அதன் வடிவம். மேலே பெருமாளின் பாதங்கள். நம்மாழ்வாராகிய சடகோபர் பெயரில் வழங்குவது. போன புரட்டாசிச் சனிக்கிழமை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு டாக்டர், அவருக்கு முன்னால் துணி ஃபேக்டரியில் வேலை பார்க்கிற பெண், அவளுக்கு முன்னால் நம் கேட்டில் காவல் நிற்கிற ஜூலு இளைஞர். கூட்டத்தைப் பார்த்து அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். எல்லாரும் குனிந்தார்கள். ஒரு கணம் அந்த வெள்ளி தலையில் பட்டது, பிறகு அடுத்த தலைக்குப் போய்விட்டது. அந்த இளைஞர் நிமிர்ந்து தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

பரிவட்டம் கட்டலாமே என்று ஒருவர் யோசனை சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதுவும் வேண்டாம். யாருக்கு முதல் பரிவட்டம் என்று தமிழ்நாட்டு ஊர்களில் எத்தனை சண்டை, எத்தனை வழக்கு. நம் முன்னோர் இங்கே கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ கப்பலில் மதராசிலிருந்து வந்து டர்பனில் இறங்கிய 342 பேரையும், 1911 வரை வந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களையும் பதிவேட்டில் ஆளுக்கு ஒரு எண் போட்டுத்தான் எழுதினார்கள். கரும்புக் காட்டு வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் தகரமும் மரமும் வைத்து அவர்கள் கட்டியதுதான் இந்தக் கோயில்களில் பல. முதல் மரியாதை, இரண்டாம் மரியாதை என்று பிரித்துக்கொண்டு நின்றிருந்தால் ஒன்றும் எழும்பியிருக்காது.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். நாலாவது வரியை அடித்துவிடுங்கள். விருந்தினர்களுக்கு விபூதியும் குங்குமமும் மாலையும் கொடுங்கள், சடாரி சாதியுங்கள், எல்லாரோடும் பந்தியில் உட்கார வையுங்கள். கொடுத்தவர் பெயர்களைக் கல்லில் வெட்டி வைப்பதற்கும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கிரீடத்துக்கு ஒதுக்கிய பணத்தில் வாசலுக்கு வெளியே ஒரு பந்தல் போடுங்கள். கரகம் உள்ளே வந்து இறங்கிய பிறகே மைக்கைத் திறக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதுங்கள். கூரைப் பணத்துக்குப் பாடசாலையின் பழைய மாணவர்களிடம் நானே போய்க் கேட்கிறேன். என்னை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருக்கிறது.

ஞாயிறு கூட்டத்துக்கு வருகிறேன். கரகம் எடுக்கும் பெண்களுக்குச் சும்மாடு முறுக்கப் பழைய பருத்திச் சேலை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஆயாவின் சேலை ஒன்று பெட்டியில் இருந்தது. நேற்று துவைத்துக் காயப் போட்டேன். நாலாகக் கிழித்துக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து
உங்கள் பழைய தமிழ் டீச்சர்