புளியோதரை கேட்ட பெண்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் இருமல் குறைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் அறைக்குப் புதிதாக வந்த பெண், புளியோதரையைச் சுருக்கமாகச் செய்ய வழி கேட்டாள். "அப்படிச் செய்தால் அது புளியோதரையே இல்லை" என்று சொல்லிவிட்டாய். பிறகு அவள் உன்னிடம் எதுவுமே கேட்கவில்லை என்றாயே, அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கல்யாணமான புதிதில் எனக்கு ரசம் வைக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் நின்றேன். "புளித்தண்ணீர் பச்சை வாசனை போகக் கொதிக்கட்டும். பருப்புத் தண்ணீர் விட்ட பிறகு கொதிக்க விடாதே, நுரை கட்டி வந்ததும் இறக்கிவிடு" என்றார், அவ்வளவுதான். பொடியைக் கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். வறுத்து இடிக்கும் பக்குவமெல்லாம் ஆறு மாதம் கழித்து நானாகப் போய்க் கேட்டுக் கற்றுக்கொண்டேன். முதல் நாளே அவர் முகம் சுளித்திருந்தால் அந்த வாசற்படியை மறுபடி மிதித்திருக்க மாட்டேன்.

நம் வீட்டு அலமாரியில் அட்டை கிழிந்து கிடக்கிறதே மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்', அது 1951-இல் வந்தது. சமையல் குறிப்பு கேட்டுக்கொண்டே இருந்த உறவினர்களால்தான் அப்படி ஒரு புத்தகம் உண்டாயிற்று. கேட்டவர்களை அவர் விரட்டியிருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்?

அவளிடம் முதலில் என்ன அடுப்பு, எவ்வளவு நேரம் என்று கேள். எட்டு மணிக்கு வேலை முடிந்து வருகிறவளிடம் புளியை ஊறவைத்துக் கரைக்கச் சொல்லாதே. புட்டியில் விற்கும் புளி விழுது போதும். எள் வேண்டாம், கடலைப்பருப்போ வேர்க்கடலையோ இருப்பதைப் போடட்டும். ஆனால் இரண்டு இடத்தில் நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நல்லெண்ணெய்தான் வேண்டும். புளிக்காய்ச்சல் சுண்டி எண்ணெய் மேலே பிரிந்து வரும் வரை அடுப்பை அணைக்கக் கூடாது. அவசரப்பட்டால் பச்சைப் புளி நாக்கில் நிற்கும், புளிக்காய்ச்சலும் நாலு நாள் தாங்காது. ஏன் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல். வெந்தயம் ஒரு சிட்டிகை வறுத்துப் பொடித்துக் கடைசியில் தூவினால் மணம் பாதி வந்துவிடும். சோற்றை உதிரியாக வடித்து, தட்டில் ஆறவிட்டுக் கிளறி, ஒரு மணி நேரம் ஊறவைக்கச் சொல். அது அவளாகவே கண்டுபிடிக்க முடியாத விஷயம்.

சோறு குழைந்துவிட்டாலும் முதல் கவளம் சாப்பிட்டதும் குறை சொல்லிவிடாதே. கேட்டால் மட்டும் சொல்.

வெள்ளிக்கிழமை அத்தை மகன் உன் ஊருக்கு வருகிறான். அவனிடம் புளியோதரைப் பொடி இரண்டு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். சிவப்பு நூல் கட்டியது காரம் குறைவு, அது அவளுக்கு.

அம்மா