சிகாகோவா, செயின்ட் லூயிஸா?

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள மீனு,

இரண்டு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஆஃபர் வந்துவிட்டதாக அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். ஆனால் நீ கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பதற்குள் குடும்ப வாட்ஸ்அப்பில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். "சிகாகோ வேண்டவே வேண்டாம், தினமும் சுடுகிறான். செயின்ட் லூயிஸ் சின்ன ஊர், நிம்மதியாக இருக்கலாம்" என்று பெரிய அத்தை நீளமாக ஒரு குரல் பதிவு போட்டிருக்கிறாள். அவளோடு வாதாட என்னால் ஆகாது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் காலமெல்லாம் எத்தனை பேருக்கு எத்தனை விபத்து என்று வகுத்துக்கொண்டிருந்தவன் நான். எனவே முதலில் வகுத்துவிடுகிறேன். 2024-இல் சிகாகோவில் 573 கொலைகள். ஊரில் சுமார் 27 லட்சம் பேர். லட்சத்துக்கு 21 வருகிறது. அதே ஆண்டு செயின்ட் லூயிஸில் 150 கொலைகள்தான். ஆனால் ஜனத்தொகை மூன்று லட்சத்துக்கும் குறைவு, ஆகவே லட்சத்துக்கு 50-ஐத் தாண்டிவிடுகிறது. அத்தை சொல்லும் சின்ன ஊரில் விகிதம் இரண்டரை மடங்கு. இன்னும் சின்ன ஊர் வேண்டுமென்றால் அலபாமாவில் பர்மிங்ஹாம் இருக்கிறது. இரண்டு லட்சம் பேர்கூட இல்லை, 2024-இல் 151 கொலைகள். அந்த ஊர் சரித்திரத்திலேயே அதுதான் அதிகம். 80 லட்சம் பேருக்கு மேல் நெருக்கியடித்து வாழும் நியூயார்க்கில் அந்த வருடம் நானூறுக்கும் குறைவு. லட்சத்துக்கு ஐந்துகூட வராது. டி.வி.க்காரர்கள் எண்ணிக்கையைச் சொல்வார்கள், வகுத்துச் சொல்ல மாட்டார்கள். அத்தையின் பயம் அங்கிருந்து வருவதுதான்.

சரி, அப்படியானால் நடுத்தர ஊர்கள்தான் ஆபத்தா என்றால் அதுவும் இல்லை. கலிஃபோர்னியாவில் இர்வைன் மூன்று லட்சம் பேர் உள்ள ஊர். இரண்டரை லட்சத்துக்கு மேல் ஜனமுள்ள ஊர்களில் வன்முறைக் குற்றம் மிகக் குறைந்தது என்று எஃப்.பி.ஐ. கணக்கில் பல ஆண்டுகளாக அதுதான் வருகிறது. ஜனத்தொகையில் செயின்ட் லூயிஸுக்கு அண்ணன் தம்பி மாதிரி. ஊரின் அளவைக் கேட்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது.

செயின்ட் லூயிஸின் எண் இவ்வளவு பயங்கரமாக இருப்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1876-இல் அந்த நகரம் தன்னைச் சுற்றியிருந்த கவுன்ட்டியிலிருந்து (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பிரிந்து, அன்று போட்ட எல்லைக்கோட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. அப்புறம் வசதி படைத்தவர்கள் ஒவ்வொருவராகக் கோட்டைத் தாண்டிப் போனார்கள். 1950-இல் உள்ளே எட்டரை லட்சம் பேர், 2020-இல் மூன்று லட்சம். இன்று சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் 28 லட்சம். கோட்டுக்கு வெளியே கிளேட்டன் புறநகரில் குடியிருப்பவர் ஊருக்குள் வந்து வேலை பார்ப்பார், பேஸ்பால் பார்ப்பார், ஆனால் வகுக்கும்போது கீழே உள்ள எண்ணில் அவர் இல்லை. ஹூஸ்டன் போன்ற ஊர்கள் பக்கத்து நிலங்களையெல்லாம் தமக்குள் இழுத்துக்கொண்டவை, அங்கே புறநகர்க்காரரும் வகுத்தியில் வந்துவிடுவார். இந்த இரண்டு ஊரையும் ஒரே பட்டியலில் போட்டு முதலிடம், இரண்டாமிடம் என்று அச்சடிப்பது அபத்தம். எஃப்.பி.ஐ.யே தன் புள்ளிவிவரத்தை வைத்து ஊர்களை வரிசைப்படுத்தாதீர்கள் என்றுதான் சொல்லிவருகிறது. போதாததற்கு 2021-இல் கணக்கு அனுப்பும் முறை மாறியபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போலீஸே எண்களை அனுப்பவில்லை.

நகர எல்லையை விட்டுவிட்டுத் தெருவுக்கு வா. சியாட்டிலில் பல வருடக் குற்றங்களைத் தெருத்தெருவாகப் பிரித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு நான்கைந்து தெருத்துண்டுகளிலேயே பாதிக் குற்றம் நடந்திருந்தது. வேறு ஊர்களிலும் ஏறக்குறைய இதேதான். சிகாகோவிலும் சுடப்படுகிறவர்களில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் அறிந்த சின்ன வட்டங்களுக்குள் இருப்பவர்கள். மேற்கே கார்ஃபீல்டு பார்க்கில் இருக்கும் நிலைமைக்கும் வடக்கே லிங்கன் பார்க்கில் இருக்கும் நிலைமைக்கும் சம்பந்தமே கிடையாது.

செயின்ட் லூயிஸில் இப்படி இரண்டு நிலைமைகளைப் பிரிக்கும் கோடு டெல்மார் பூலவார்டு என்ற சாலை. நீ வேலைக்குப் போகப்போகும் சென்ட்ரல் வெஸ்ட் எண்டிலிருந்து நடக்கிற தூரம். தெற்கே காப்பிக் கடைகள், மரம் மூடிய தெருக்கள். வடக்கே கொஞ்சம் உள்ளே போனால் மாடி வீடு நிற்கும், பக்கச் சுவர் இருக்காது. அந்த ஊர்ச் செங்கல்லுக்கு வெளியூரில் நல்ல விலை. காலி வீடுகளிலிருந்து உருவி விற்கிறார்கள். சில சமயம் வீட்டுக்குத் தீ வைத்துவிடுவார்களாம், தீயணைப்பு வண்டி அடிக்கும் தண்ணீரில் சுவர்க் காரை இளகிக் கல் சுலபமாகக் கழன்றுவரும் என்று. இதெல்லாம் தானாக நேர்ந்ததல்ல. வெள்ளையர் தெருவில் கறுப்பர் குடிவரக் கூடாது என்று 1916-இல் அந்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டே சட்டம் கொண்டுவந்தார்கள். மறு வருடமே வேறு ஊர் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அத்தகைய சட்டங்கள் செல்லாது என்றது. அப்புறம் அதையே வீட்டுப் பத்திரத்தில் நிபந்தனையாக எழுதினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்மவர்கள் "அந்த ஏரியா சரியில்லை" என்று சொல்வதில் பாதி, அங்கே நடக்கிறவர்களின் நிறத்தைப் பார்த்துச் சொல்வது. அதைக் காதில் வாங்காதே. எண்ணைப் பார்.

எந்த எண்ணை என்று கேட்பாய். கொலைக் கணக்கை மறைப்பது கடினம், அதனால் ஊர்களை ஒப்பிட அதை எடுத்துக்கொண்டேன். மற்றதில் நிறைய போலீஸ் வரைக்கும் போவதே இல்லை. ஆனால் உனக்கு நேரக்கூடியது பெரும்பாலும் கார்க் கண்ணாடி உடைவதுதான். செயின்ட் லூயிஸ் இருக்கும் மிசூரி மாநிலத்தில் 2017-இலிருந்து லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போகலாம், பலர் காரிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். அதைத் தேடியே கண்ணாடியை உடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உன் காரில் ஒரு பையும் இருக்கக் கூடாது, காலிப் பையாக இருந்தாலும். தொண்ணூறில் நாங்கள் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருந்தபோது கார் ரேடியோவைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறுவோம். கண்ணாடியில் 'ரேடியோ இல்லை' என்று அட்டை வேறு. அந்த வருடம் நியூயார்க்கில் 2,200-க்கு மேல் கொலைகள். இன்றைக்கு அதே ஊரைத்தான் உன் அத்தை பத்திரமான ஊர் என்கிறாள்!

அப்புறம் ஒன்று, யாரும் பேசாதது. இந்த நாட்டில் கொலையில் சாகிறவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்குப் பேர் சாலை விபத்தில் சாகிறார்கள். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் புறநகருக்கு ஹைவேயில் ஓட்டுவது எனக்கு டெல்மாரைவிடப் பெரிய கவலை. சிகாகோவில் ரெட் லைன், ப்ளூ லைன் ரயில்கள் இரவு முழுக்க ஓடுகின்றன. பின்னிரவு ரயில் பெட்டியில் தொல்லை இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கிடைத்தால், எந்த ஊராக இருந்தாலும், வாடகை சில நூறு டாலர் கூடினாலும் எடுத்துக்கொள். அந்த வித்தியாசத்தை நான் தருகிறேன், மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம்.

பார்த்திருக்கும் வீடுகளின் ஜிப் கோடை எனக்கு அனுப்பு. நீயும் ஒன்று செய். உன் காருக்கு ஒவ்வொரு முகவரியிலும் காம்ப்ரிஹென்சிவ் பிரீமியம் எவ்வளவு என்று ஆன்லைனில் கேட்டுப் பார். திருட்டும் கண்ணாடி உடைப்பும் அதில்தான் வரும். கம்பெனி தன் பணத்தைப் பந்தயம் வைத்துச் சொல்லும் எண் அது. ஆலங்கட்டி மழையும் மான் மோதுவதும் அதில் சேர்ந்திருக்கும், கறுப்பர் வாழும் பகுதிக்குக் கூடுதலாகப் போடும் வழக்கமும் என் தொழிலுக்கு உண்டு. அதனால் ஒரே ஊருக்குள் இரண்டு முகவரியை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்.

அதைவிட நல்லது, இரவு பதினொரு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து போகும் நர்ஸ்களைக் கேட்பது. எங்கே பார்க் செய்கிறார்கள், எந்தக் கதவு வழியாகப் போகிறார்கள், செக்யூரிட்டி கூட வருகிறானா, கூப்பிட்டால் எத்தனை நிமிடத்தில் வருகிறான். உன்னை இன்டர்வியூ செய்த டாக்டர்களுக்கு இது தெரியாது, அவர்களுக்குத் தனி கராஜ் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு ஊர் நர்ஸ்களிடமும் பேசிவிடு. பேசிவிட்டு எனக்கு ஃபோன் செய், அத்தைக்கு வேண்டாம்.

அன்புடன்,
அப்பா