"வெளாண்டு முடிச்சா என்னட்டி குடுப்பாவ?"

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம பேப்பர்ல அமெரிக்காவோட பாஸ்கட் பால் ஆட்டக்காரி டயானா டவுராசி பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. வீட்டுல மூணு பேரும் மாத்தி மாத்திப் படிச்சோம், பத்தாங்கிளாஸ் படிக்குற எம் மக அத வெட்டி பீரோ கதவுல ஒட்டி வச்சிருக்கா. 2004-ல டிராஃப்டுன்னு டீமுக வரிசையா புது ஆட்டக்காரிகளத் தேர்ந்தெடுத்தப்ப முதல் ஆளா பீனிக்ஸ் மெர்குரி டீமுக்குப் போயி, அதே டீமுக்கே 20 சீசன் ஆடி, 10,646 பாயின்ட் எடுத்து, 2025 பிப்ரவரில ஓய்வு பெற்றது, ஒலிம்பிக்ல வரிசையா 6 தங்கம் வாங்குனது எல்லாம் இருந்துச்சு. 41 வயசுல 10 ஆயிரமாவது பாயின்ட் போட்ட அன்னைக்கு ஒரே மேட்ச்ல 42 எடுத்தாங்களே, அதயும் சேத்திருக்கலாம், எம் மகளுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்ச கதை. ஆனா நான் எழுத வந்தது அதுக்கில்ல. அந்தம்மா 20 வருஷம் எப்படிப் பொழச்சாங்க, வருமானம் எங்கருந்து வந்துச்சுங்கிறது உங்க கட்டுரையில ஒரு வரி கூட இல்ல. பொட்டப்பிள்ளைய விளையாட அனுப்புற எங்கள மாதிரி வீடுகளுக்கு அதுதான் மொதல்ல தெரியணும்.

அமெரிக்காவுல பொம்பளைங்களுக்கான பாஸ்கட் பால் லீக் 1997-ல ஆரம்பிச்சது, அது வருஷம் பூரா நடக்காது, மே மாசம் தொடங்கி அக்டோபர் வாக்குல முடிஞ்சிரும். மிச்ச மாசத்துக்கு மூட்டையக் கட்டிக்கிட்டு ரஷ்யா, துருக்கி, சீனான்னு போயி அங்க உள்ள கிளப்புகளுக்கு ஆடுவாங்க, ஏன்னா காசு அங்கதான் இருந்துச்சு. டவுராசியும் ரஷ்யாவுல யெகாடெரின்பர்க் டீமுக்குப் பல வருஷம் ஆடுனாங்க. கோடையில அமெரிக்கா, குளிர்ல ரஷ்யான்னு ஒடம்புக்கு ஒரு மாசம் கூட ஓய்வில்ல, கடைசில 2015-ல அந்த ரஷ்ய டீமே நீ இந்தக் கோடையில அமெரிக்காவுல ஆட வேண்டாம், ஓய்வெடு, அந்தச் சம்பளத்த நாங்க தாரோம்னு சொல்லிருச்சு, அவங்களும் அந்த வருஷம் சொந்த நாட்டு லீக்ல ஆடவே இல்ல. அமெரிக்காவுல 1 லட்சத்து 7 ஆயிரம் டாலர் வாக்குல சம்பளம், ரஷ்யாவுல 15 லட்சம் டாலர் வாக்குலன்னு அப்ப செய்தி வந்துச்சு. 2024 டிராஃப்டுல முதல் ஆளாப் போன கெய்ட்லின் கிளார்க்குக்கு மொத வருஷச் சம்பளம் 76,535 டாலர், அதே வருஷம் ஆம்பளைங்க லீக்ல முதல் ஆளாப் போன பையனுக்கு 1 கோடியே 25 லட்சம் டாலருக்கு மேல. பந்து ஒரு சைஸ் சின்னது அம்புட்டுதான், ரிங் ரெண்டு பேருக்கும் அதே 10 அடி உயரத்துலதான இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த லீக்ல முதல்ல கையெழுத்து போட்டவங்க ஷெரில் ஸ்வூப்ஸ். லீக் ஆரம்பிச்ச அதே 1997 ஜூன்ல அவங்களுக்குப் பிள்ளை பொறந்துச்சு, ஆறு வாரத்துல திரும்பி வந்து ஆடுனாங்க, அவங்க டீமு கோப்பை ஜெயிச்சது, அதுக்குப் பெறகு மூணு தடவ சிறந்த ஆட்டக்காரின்னு பேரு வாங்குனாங்க. அதே லீக்ல ஆடுன கேண்டஸ் பார்க்கருக்கு 2009 மே மாசம் பொண்ணு பொறந்துச்சு, ஜூலைல கோர்ட்டுல நிக்காங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ரெண்டு பிள்ளை பெத்தவளா எனக்கு இதப் படிக்கும்போது வயித்தப் பெசஞ்சது, ஆறு வாரத்துல எழுந்து ஓடணும்னு எந்தப் பொம்பளைக்கும் அவசியம் வரக்கூடாது. பிள்ளைப்பேறு லீவுல முழுச் சம்பளம்னு அந்த லீக்ல ஒப்பந்தம் எழுதுனது 2020-லதான், லீக் தொடங்கி 23 வருஷம் கழிச்சு. அதுவும் சும்மா வரல, ஆட்டக்காரிகளோட சங்கம் பேசிப் பேசி வாங்குனது.

இனி நம்ம பக்கத்துக்கு வாரேன். சென்னை அனிதா பால்துரை இந்தியாவுக்காக 18 வருஷம் ஆடுனவங்க, 19 வயசுல கேப்டன், ஆசிய சாம்பியன்ஷிப் மட்டும் 9 தடவ ஆடியிருக்காங்க, பிள்ளை பெத்த பெறகும் திரும்பி வந்து இந்தியா டீமுக்கு ஆடுனாங்க, 2021-ல பத்மஸ்ரீ. தமிழ்ப் பிள்ளை, நம்ம மொழியில பேட்டி எடுக்கலாம், அவங்களுக்கு நீங்க அரைப்பக்கம் ஒதுக்குனதா எனக்கு ஞாபகம் இல்ல. அவங்க அம்புட்டு வருஷம் ஆட முடிஞ்சதுக்குத் திறமை மட்டும் காரணம் இல்ல அண்ணாச்சி, தெற்கு ரயில்வேல வேலை இருந்துச்சு. மாசம் பொறந்தா சம்பளம், பிள்ளை பொறந்தா லீவு, திரும்பி வந்தா டீமு.

கோட்டயத்து கீது அன்னா ஜோஸ் கதையும் அப்படித்தான். 6 அடி 2 அங்குலம், 2006-ல இருந்து ஆஸ்திரேலியாவுல ரிங்வுட் ஹாக்ஸ்னு ஒரு கிளப்புக்கு ஆடுனாங்க, 2011-ல அமெரிக்காவுல சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் அன்டோனியோன்னு மூணு டீமு கூப்பிட்டு ஆட வச்சுப் பாத்தாங்க. எடம் கெடைக்கல. திரும்பி வந்த பிள்ளைக்கு இங்க ரயில்வே வேலையும் டீமும் அப்படியே காத்திருந்துச்சு, தொடர்ந்து ஆடுனாங்க, 2014-ல அர்ஜுனா விருது. அந்த வேலை இல்லாட்டா அமெரிக்காவுக்கு டிக்கெட் எடுக்கவே அவங்க வீட்டுல யோசிச்சிருப்பாங்க.

நானும் அனிதா பொறந்த அதே 1985-ல பொறந்தவ. எங்க ஊரு முக்கூடல் பக்கம், எங்க அம்மை மடியில சொளவ வச்சு பீடி சுத்தி என்னைய பாளையங்கோட்டையில ஹாஸ்டல்ல சேத்து படிக்க வச்சாவ. அங்கனதான் பந்த மொதல்ல தொட்டேன். சிமெண்ட் கோர்ட்டு, ரிங்ல நெட் கெடையாது, காலைல ஆறு மணிக்கு பி.டி. டீச்சர் விசில் ஊதுனா நான்தான் மொத ஆளா நிப்பேன். நான் பாயின்ட் கார்டு, அதாவது பந்தக் கொண்டுபோயி ஆட்டத்த நடத்துறவ, உயரம் கம்மி, ஆனா கை வேகம். பிளஸ் டூ படிக்கும்போது டிவிஷன் லெவல் போனோம், ஷூ வாங்க அம்மை பீடிக்கடையில முன்பணம் வாங்கித் தந்தாவ. அன்னைக்கு ராத்திரி பீடிக்கு நூலு கட்டிக்கிட்டே கேட்டாவ, "ஏட்டி, இத வெளாண்டு முடிச்சா என்னட்டி குடுப்பாவ?"

எனக்கு பதில் தெரியல. மறுநாள் டீச்சர்ட்ட கேட்டேன், சர்டிபிகேட் குடுப்பாங்க, காலேஜ்ல சீட்டு கெடைக்கும்னு சொன்னாங்க. சீட்டு கெடைச்சது உண்மைதான். ஒரு வருஷம் காலேஜ் டீமுக்கு ஆடுனேன், அதுக்குள்ள ஆனித்தேர் முடிஞ்ச கையோட பொண்ணு பாக்க வந்துட்டாவ. எங்க அம்மைய நான் குத்தம் சொல்ல மாட்டேன், அவ கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, பதில் இல்லாத எடத்துல அவ தனக்குத் தெரிஞ்ச பாதுகாப்பத் தேடுனா. மூத்தவன் பொறந்து ஒரு வருஷம் ஆன பெறகு, எங்க வீட்டுக்காரர் சரின்னு சொல்லி, விட்ட படிப்பையும் ஆட்டத்தையும் தொடர அதே காலேஜுக்குப் போயிக் கேட்டேன். பேர எடுத்தாச்சும்மா, பிள்ளைக்காரி இனி எங்க ஓடப் போறன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அப்ப எனக்கு 21 வயசு. அதே 21 வயசுல அனிதா இந்தியா கேப்டன். நான் அவங்க அளவுக்கு ஆடுவேன்னு சொல்ல வரல, எனக்கு நின்னு ஆட ஒரு எடம் இருந்திருந்தா எம்புட்டு தூரம் போயிருப்பேன்னு எனக்கே தெரியாமப் போச்சேன்னுதான் இன்னைக்கும் நெஞ்சுக்குள்ள கெடக்கு.

இப்ப எம் மக ஆடுதா. பள்ளிக்கூடத்துல பந்து ரெண்டே ரெண்டு, ரெண்டும் பசங்களோட 7-ம் நம்பர் பந்து. பொட்டப்பிள்ளைகளுக்கு 6-ம் நம்பர், அது சின்னது, வெயிட்டும் கம்மி. 7-ம் நம்பர்ல ஆறு மாசம் பழகிட்டு மேட்ச்ல போயி 6-ம் நம்பரத் தொட்டா ஷாட்டு எல்லாம் ரிங்குக்கு மேல பறக்கு, ஃப்ரீ த்ரோ கூட வுழ மாட்டேங்கு. ஒரு பந்து விலதான், அத வாங்கித் தர ஆளு இல்லாம ஒரு டீமே மொத ரவுண்டுல தோத்துட்டு பஸ் ஏறி வருது. (நாங்க நாலு அம்மாமாரு சேந்து இந்தத் தடவ ஒண்ணு வாங்கிட்டோம்.)

எங்க அம்மை கேட்ட கேள்விக்கு இப்ப பதில் இருக்கு. தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டுக்காரங்களுக்கு 3 சதவீதம் இருக்கு, ரயில்வேல விளையாட்டுக் கோட்டா இருக்கு. தமிழ்நாடு அரசு வேலைல உள்ள பொம்பளைக்குப் பிள்ளைப்பேறு லீவு 12 மாசம், அமெரிக்க லீக்ல கூட அம்புட்டு கெடையாது. ஆனா அந்த வேலைக்குப் போகணும்னா சர்டிபிகேட்ட சரியான ஃபார்ம்ல வாங்கி வச்சிருக்கணும். இந்தியாவுக்கு ஆடுனா ஃபார்ம் 1, மாநிலத்துக்காக நேஷனல் ஆடுனா ஃபார்ம் 2, யுனிவர்சிட்டிக்கு ஆடுனா ஃபார்ம் 3, பள்ளிக்கூட நேஷனலுக்கு ஃபார்ம் 4. யாருட்ட கையெழுத்து வாங்கணும்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா முறை இருக்கு, ஆடி முடிச்ச சூட்டோட வாங்கணும், அஞ்சு வருஷம் கழிச்சுப் போனா அந்த அதிகாரியும் இருக்க மாட்டாரு ரெக்கார்டும் கெடைக்காது. எங்க தெருவுல ஒரு பிள்ளை தமிழ்நாட்டுக்காக ஆடிட்டு வந்தவ, கையில கலர் கலரா போட்டோவும் கப்பும் இருக்கு, அந்த ஒத்தத் தாளு இல்ல. இப்ப ஒரு ஜவுளிக்கடையில நின்னு சேலை எடுத்துப் போடுதா.

அதனால அண்ணாச்சி, டவுராசி பத்தி எழுதுங்க, இன்னும் ரெண்டு பக்கம் கூட எழுதுங்க, எம் மக பீரோல எடம் இருக்கு. அதோட பக்கத்துலேயே ஒரு கட்டம் போட்டு, பாஸ்கட் பால் ஆடுற பிள்ளை எந்த வயசுல எங்க செலக்ஷனுக்குப் போகணும், எந்த ஃபார்ம் யாருட்ட வாங்கணும், ரயில்வேல எப்ப ஆளு எடுக்காங்கங்கிறதப் போடுங்க. எங்க ஊரு பக்கம் பீடி சுத்துற வீட்டுலயும் உங்க பேப்பர் வருது, பிள்ளைக படிச்சுக் காட்டும், அம்மாமாரு கேப்பாங்க.

இன்னொரு விஷயம், வ.உ.சி. மைதானத்துலயோ அண்ணா ஸ்டேடியத்துலயோ மேட்ச் நடந்தா பசங்களுக்கு ஸ்கோரு, பேரு, போட்டோ எல்லாம் வருது, பொட்டப்பிள்ளைக மேட்ச்சுக்கு இன்ன ஸ்கூல் ஜெயிச்சதுன்னு ஒரு வரிதான். அந்தப் பிள்ளைக பேரயும் போடுங்க, யாரு எத்தன பாயின்ட் எடுத்தான்னும் சேத்துப் போடுங்க. அடுத்த மாசம் மாவட்ட மேட்ச் இருக்கு. உங்க நிருபர் வந்தா நாங்க அம்மாமாரு நாலு பேரும் ஸ்கோர் டேபிள் பக்கத்துலதான் உக்காந்திருப்போம், ஒவ்வொரு பாயின்டையும் நோட்டுல எழுதி வச்சிருப்போம், வாங்கிக்கிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.