சராசரியை மட்டும் சொல்லி மலைக்கு அழைக்காதீர்கள்

மலைப்பாதைகளில் சைக்கிள் பயணம் நடத்தும் குழுக்களுக்கு,

வணக்கம்.

உங்கள் அறிவிப்புகளில் பெரும்பாலும் மூன்று விவரங்கள்தான் இருக்கின்றன: தூரம், சராசரி ஏற்றம், உச்சியிலிருந்து எடுத்த ஒரு படம். புதிதாக வருகிறவர் எந்தக் கியரோடு வரவேண்டும், எத்தனை மணி நேரம் ஆகும், இறங்கும்போது எதை உடுத்த வேண்டும் என்பதை இவற்றை வைத்து முடிவுசெய்ய முடியாது. அறிவிப்பையும் ஏற்பாட்டையும் மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பிரான்சில் இரண்டு ஏற்றங்களைப் பாருங்கள். மோன் வான்டூ மலைக்கு பெதுவான் ஊரிலிருந்து ஏறும் பாதை ஏறத்தாழ 21 கிலோமீட்டர், சராசரி 7.5 சதவீதம் (அதாவது 100 மீட்டர் தூரத்துக்கு 7.5 மீட்டர் உயரம்). ஆல்ப் துயெஸ் 13.8 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவுகள், சராசரி 8.1 சதவீதம். சராசரியில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஆல்ப் துயெஸ் அடிவாரத்திலேயே 10 சதவீதத்தை ஒட்டி ஏறத் தொடங்குகிறது. வான்டூவில் முதல் ஐந்தாறு கிலோமீட்டர் சாதுவானவை. அங்கே உற்சாகத்தில் வேகமாக மிதித்தவருக்குக் காட்டுப்பகுதி தொடங்கியதும் 9, 10 சதவீத ஏற்றம் கிலோமீட்டர் கணக்கில் காத்திருக்கிறது. கடைசி ஆறு கிலோமீட்டரில் நிழலும் இல்லை, காற்றுக்குத் தடுப்பும் இல்லை. ஆகவே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எத்தனை சதவீதம், எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த இடத்துக்குப் பிறகு மரம் கிடையாது என்று எழுதிக் கொடுங்கள். அரைப்பக்கம் போதும்.

அடுத்து கியர். "சாதாரண ரோடு பைக் போதும்" என்று எழுதுவது பலரின் முழங்காலைப் பாழாக்குகிறது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, ஏற்றம் 10 சதவீதம், மிதிப்பது நிமிடத்துக்கு 60 சுற்று என்று கொள்வோம். முன் பல்சக்கரத்தில் 39 பல், பின் பல்சக்கரத்தில் 25 பல் என்றால் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்குச் சுமார் 290 வாட் வேண்டும். பெரும்பாலானவர்களால் ஒரு மணி நேரம் தாங்க முடியாத அளவு அது. முன்னால் 34, பின்னால் 28 பல் (34-க்கு 28) என்றால் சுமார் 225 வாட், 34-க்கு 34 என்றால் 185 வாட். அந்தச் சக்தி இல்லாதவர் நிமிடத்துக்கு 40 சுற்றில் நசுக்கி நசுக்கி மிதிப்பார்; வலி அங்கேதான் ஆரம்பிக்கும். புதியவர்களுக்கு 34-க்கு 34 அல்லது அதைவிட இலகுவான கியர் கட்டாயம் என்றே அறிவியுங்கள்.

கேசட்டை, அதாவது பின் பல்சக்கரத் தொகுப்பை, மட்டும் மாற்றினால் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். செயினைப் பல்சக்கரம் மாற்றும் பின் டிரெயிலியரில், செயினைத் தாங்கும் கூண்டு குட்டையாக உள்ளவை பலவற்றில் 28 அல்லது 30 பல்லுக்கு மேல் சரிப்படாது. செயினின் நீளமும் கூட வேண்டும். பழைய செயினையே விட்டுவிட்டால், முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரத்தில் செயின் ஏறும் கணத்தில் இழுவை தாங்காமல் டிரெயிலியர் பிய்ந்துபோகும்.

நேரத்தை செங்குத்து உயரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். சுமார் 150 வாட்டில் நிதானமாக மிதிக்கும் 85 கிலோ பாரம் மணிக்கு 600 மீட்டர் உயரம் ஏறும். 1,200 மீட்டர் ஏற்றத்துக்கு நிற்காமலே இரண்டு மணி நேரம். ஏறும்போது வேகம் குறைவு, உடலைக் குளிர்விக்கும் காற்றும் குறைவு, வியர்வை கொட்டும். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரும், 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தும் உள்ளே போக வேண்டும்.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது இறக்கம்தான். 85 கிலோ பாரம் 1,000 மீட்டர் இறங்கும்போது எட்டு லட்சம் ஜூலுக்கு மேல் ஆற்றல் வெளியாகிறது. அதில் காற்றின் எதிர்ப்பில் செலவானது போக மிச்சத்தில் பெரும்பங்கு பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. பயந்துகொண்டு மணிக்கு 30, 40 கிலோமீட்டரில் பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்குகிறவரின் ரிம்தான் மிக அதிகமாகச் சூடாகும். சக்கரத்தின் விளிம்பையே பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் டியூப் வெடிக்கலாம், கார்பன் ரிம் என்றால் அதன் பிசின் இளகி உருக்குலையலாம். அதில் லேட்டெக்ஸ் (இயற்கை ரப்பர்) டியூப் போடவே கூடாது. திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் ஈரம் சேர்ந்த பழைய பிரேக் திரவம் கொதித்து, பிரேக் பிடி ஹேண்டில்பாரைத் தொடும் வரை தொளதொளவென்று வரும். செய்ய வேண்டியது இதுதான்: நேரான பகுதியில், வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட வேண்டும். நடுவே ஓரிரு இடங்களில் நின்று ஆறவிட வேண்டும். டிஸ்க்கை விரலால் தொட்டுப் பார்க்க யாரையும் விடாதீர்கள்.

உச்சியில் குளிர் வேறு. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 6.5 டிகிரி குறைகிறது. வியர்வையில் நனைந்த சட்டையோடு மணிக்கு 50 கிலோமீட்டர் காற்றில் இறங்கினால் கால் மணி நேரத்தில் விரல்கள் மரத்துவிடும். மரத்த விரலால் பிரேக்கை அளவாகப் பிடிக்க முடியாது. விண்ட்சீட்டர், முழுவிரல் கையுறை, உலர்ந்த உள்சட்டை ஆகியவற்றைப் பெயர் எழுதிய பையில் வாங்கி, முதல் ஆள் உச்சியைத் தொடுவதற்கு முன்பே துணைக்கு வரும் மோட்டார் வண்டியில் அங்கே சேர்த்துவிடுங்கள். ஏதும் கிடைக்காவிட்டால் செய்தித்தாளை மார்பில் செருகிக்கொள்வது பந்தய வீரர்களின் பழைய வழக்கம், இன்றும் பயன்படும்.

காட்சிக்காகத்தான் பாதிப்பேர் வருகிறார்கள். அது நியாயமான ஆசை, அதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஆனால் முதலில் உடை மாற்றம், பிறகு படம். சாலையை விட்டு விலகிய ஒரே இடத்தைக் குறித்துக் கொடுத்து, எதிரே வரும் வண்டி தெரியாத வளைவுகளில் நிற்பதைத் தடைசெய்யுங்கள். சூரிய அஸ்தமனம் பார்க்க வைப்பதானால் எல்லோரையும் துணை வண்டியிலேயே கீழே கொண்டுவாருங்கள்.

கடைசி ஆளுக்குப் பின்னால், பாதையை அறிந்த ஒருவர் எப்போதும் வரவேண்டும். கை நடுங்குகிறவரை, பிரேக் சந்தேகமாக இருப்பவரை துணை வண்டியில் ஏற்றி அனுப்பும் அதிகாரத்தை அவருக்குக் கொடுங்கள். அந்த வண்டியில் எத்தனை இடம் என்பதையும் அறிவிப்பிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவோர்