கொல்லிமலைப் பாதையை எங்களுக்குத் திறந்துவிட்டவர்களுக்கு

அன்புள்ள மலை உறவுகளுக்கும் ஓட்ட நண்பர்களுக்கும் வணக்கம்.

தை மாதத்தின் இரண்டாவது ஞாயிறு கொல்லிமலையில் நடந்த மலைப்பாதை ஓட்டம் நல்லபடியாக முடிந்தது. ஓடியவர்களின் படங்களும் நேரப் பட்டியலும் அன்று மாலையே எல்லோருடைய கைப்பேசிக்கும் போய்விட்டன. அந்தப் படங்களில் இல்லாதவர்களுக்காக இந்த மடலை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

ஏறி இறங்க 12 கிலோமீட்டர்தான். நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் இதை ஒரு பொருட்டாக நினைக்க மாட்டார்கள். ஆனால் அந்த முதல் 6 கிலோமீட்டருக்குள் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம் ஏற வேண்டும். கீழே முட்காடு, நடுவில் இலையுதிர்க்கும் காடு, உருட்டுக் கற்கள், வேர்கள், மழைநீர் அரித்த பள்ளங்கள், கடைசியில் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே மேட்டில் போய் நிற்கும். சாலையில் ஒரு மணி நேரத்தில் 12 கிலோமீட்டர் ஓடும் ஆட்கள் இங்கே மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

இன்றைக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. அந்தச் சாலை வருவதற்கு முன்னால் மலைக்கு உப்பு போனதும், மலையிலிருந்து மிளகும் பலாவும் இறங்கியதும், பிரசவ வலி கண்ட பெண்களைத் தூக்கி வந்ததும் இப்படிப்பட்ட நடைபாதைகளில்தான். பாதை இன்னும் இருக்கிறதென்றால் மக்கள் இன்னும் அதில் நடக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு மழைக்காலம் கால்படாமல் விட்டால் போதும், முள் மூடிவிடும். எனவே எங்கள் முதல் நன்றி, வாழ்ந்தே அந்தப் பாதையை உயிரோடு வைத்திருக்கும் மேல் ஊர் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு. பாதை எந்த ஊரில் தொடங்கி எந்த ஊரில் முடிகிறது என்று இங்கே எழுதவில்லை. அனுமதி இல்லாமல் ஆட்கள் வந்து ஏறிவிடக் கூடாது என்று ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டர் ஐயா கேட்டுக்கொண்டார். அவர் சொன்னது சரி.

தேதியைக் குறித்ததும் அவர்தான். நாங்கள் பொங்கல் விடுமுறையைக் கேட்டுப் போயிருந்தோம். "அன்னிக்கு எங்க ஊரு ஆளு ஒருத்தரும் உங்களுக்குக் கிடைக்க மாட்டாங்க கண்ணு" என்று சிரித்தார். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மாசி பிறந்தால் காடு காய்ந்து தீப் பிடிக்கும் காலம். நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியிலும் காப்பிக்கொட்டை பறிப்பும் மிளகு அறுவடையும் நடக்கின்றன. அப்படியிருந்தும் பொங்கல் கழிந்த அடுத்த வாரத்தில் எங்களுக்காக ஒரு நாளை ஒதுக்கினார்கள். அந்த ஒரு நாள் கூலியை எத்தனை குடும்பங்கள் விட்டுக்கொடுத்தன என்பதை ஓடியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வனத்துறை அலுவலர்களுக்கும், குறிப்பாக எங்களோடு காலையிலிருந்து நின்ற வனக் காவலர்களுக்கும் நன்றி. குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு, வழிகாட்டி, ஒவ்வொருவரின் விவரம், தீ மூட்டத் தடை என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டதெல்லாம் முதலில் சுமையாகத்தான் தெரிந்தது. பாதையில் ஓர் ஆள் அடிபட்டபோதுதான் அந்தப் பட்டியலின் அருமை புரிந்தது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு நாளும் மேல் ஊர் இளைஞர்கள் பாதையில் இறங்கி முள் வெட்டினார்கள். ஒரு மரக்கிளையைக்கூடத் தேவைக்கு மேல் வெட்டவில்லை. செங்குத்தான இடங்களில் சருகைக் கூட்டித் தள்ளினார்கள். தை மாதத்தில் சருகு முழங்கால் வரை குவியும், அதற்கு அடியில் ஆடும் கல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஏறும்போது பரவாயில்லை, வேகமாக இறங்கும்போது ஒரு கல் போதும். விளக்குமாற்றோடு காட்டுக்குள் இறங்கிய அந்தத் தம்பிகளால் எத்தனை கணுக்கால்கள் தப்பித்தன என்று கணக்கிட முடியாது.

தொடக்கத்தில் வெடி போடுவதாகவும் ஒலிபெருக்கியில் பாட்டு வைப்பதாகவும் நாங்கள் திட்டமிட்டிருந்தோம். தேன் எடுக்கும் பெரியவர் ஒருவர் பாறை முகட்டைக் காட்டினார். அங்கே மலைத்தேனீக் கூடுகள் வரிசையாகத் தொங்கின. சத்தம் வேண்டாம், சென்ட் போட்டுக்கொண்டு யாரும் வரக் கூடாது, கூட்டுக்குக் கீழே நின்று படம் எடுக்கக் கூடாது என்றார். மூன்றையும் அப்படியே விதியாக எழுதிவிட்டோம். அன்று காலை ஆறேகாலுக்கு அவரே கையைத் தூக்கிக் காட்டி ஓட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஐயா, உங்கள் சொல்லைக் கேட்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மேட்டில் திரும்பும் இடத்தில் சமைத்த அக்காக்களுக்கு எப்படி நன்றி சொல்வது? நகரத்து ஓட்டங்களில் கொடுக்கும் ஜெல், பிஸ்கட் எதையும் நாங்கள் மேலே கொண்டுபோகவில்லை. ராகிக் கூழ், உப்புப் போட்ட மோர், மலைவாழை, அப்புறம் முடவாட்டுக்கால் கிழங்கு சூப். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் அந்தக் கிழங்கின் ரோமத்தைச் சீவி, தட்டி, மிளகும் சீரகமும் போட்டு விடியற்காலை நாலு மணியிலிருந்து கொதிக்க வைத்திருக்கிறார்கள். வியர்வையில் உப்பை இழந்து ஏறி வருகிறவருக்கு வெறும் தண்ணீரை அளவில்லாமல் கொடுத்தால் தலைசுற்றலும் வாந்தியும் வரலாம். உப்போடு கொடுப்பதுதான் நல்லது. இதை நாங்கள் ஒரு பயிற்சி வகுப்பில் படித்தோம். அந்த அக்காக்கள் அறுவடைக் காலத்தில் தினமும் செய்கிறார்கள். ஒரு காகிதக் கோப்பைகூட இல்லாமல் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்து, எல்லாவற்றையும் அவர்களே கழுவியும் வைத்தார்கள். அடுத்த முறை கழுவும் வேலை எங்களுடையது, இது உறுதி.

இப்போது அந்த விபத்தைப் பற்றி. இறக்கத்தில், பாதி வழிக்குச் சற்று மேலே, ஒரு தங்கை கால் பிசகி விழுந்தார். கணுக்கால் உடனே வீங்கிவிட்டது, ஊன்ற முடியவில்லை. அந்த இடத்தில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. பின்னால் வந்துகொண்டிருந்த ஓட்டக்காரர் இருவர் தங்கள் நேரத்தை விட்டுவிட்டு நின்றார்கள். ஒருவர் அவரோடு உட்கார்ந்துகொண்டார், மற்றவர் கீழே உள்ள கண்காணிப்பு இடத்துக்கு ஓடினார். அங்கே ஹாம் வானொலி நண்பர்கள், அதாவது உரிமம் வாங்கி ஆர்வத்துக்காக வானொலிக் கருவியில் பேசிக்கொள்கிறவர்கள், இருந்தார்கள். எதிரெதிர் மேடுகளில் கையடக்கக் கருவிகளோடு காலையிலிருந்து வெயிலில் நின்றவர்கள் அவர்கள். ஒரு நிமிடத்தில் மேலும் கீழும் செய்தி போய்விட்டது. பட்டியலில் இருந்த எண்ணை வைத்து அவர் யார், ரத்த வகை என்ன, வீட்டில் யாரை அழைப்பது என்று எல்லாம் கையில் கிடைத்தது.

ஆம்புலன்ஸ் அடிவாரத்தில் இருந்தது. அங்கே வரை யார் கொண்டுவருவது? நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேல் ஊரிலிருந்து நான்கு அண்ணன்மார் மூங்கிலும் போர்வையுமாக இறங்கி வந்துவிட்டார்கள். வயதான ஒருவர் இரண்டு குச்சியை வைத்துத் துணியால் காலைக் கட்டினார். காலை அசைக்காமல் வைத்ததுதான் பெரிய உதவி என்று பிறகு மருத்துவர் சொன்னார். போர்வையைத் தூளியாகக் கட்டி, தோள் மாற்றி மாற்றி, அந்தச் செங்குத்தில் ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கினார்கள். தங்கை அழுதபடி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். "மிளகு மூட்டையைவிட லேசாத்தான் இருக்க, பேசாம வா சாமி" என்றாராம் முன்னால் தூக்கியவர். ஓடி இறங்கக் கஷ்டப்பட்ட இடத்தில் அவர்கள் ஓர் ஆளைச் சுமந்துகொண்டு இறங்கினார்கள். அன்றைய நாளில் அந்தப் பாதையில் நடந்த பெரிய காரியம் அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பரிசு வாங்கியவர்களும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

எக்ஸ்ரேயில் மெல்லிய விரிசல் தெரிந்தது. கட்டுப் போட்டிருக்கிறார்கள், நன்றாக இருக்கிறார். வண்டியோடு காத்திருந்த 108 ஊழியர்களுக்கும், நின்ற அந்த இரண்டு ஓட்டக்காரர்களுக்கும் அவர் குடும்பத்தின் நன்றியையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். நோட்டில் எண் எழுதி ஒருவரையும் தவறவிடாத உண்டு உறைவிடப் பள்ளி மாணவர்களுக்கும் அவர்களின் உடற்பயிற்சி ஆசிரியருக்கும் நன்றி. முடிவிடத்தில் தொடையும் கெண்டைக்காலும் பிடித்துப்போய்ப் படுத்தவர்களைப் பார்த்துக்கொண்ட இயன்முறை மருத்துவ மாணவிகளுக்கு நன்றி. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டபடியே உடல் பாரத்தைத் தாங்குவதால்தான் மறுநாள் வலி கூடுதல் என்று அவர்கள் பொறுமையாக விளக்கியது பலருக்கும் உதவியது. கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து, வழிகாட்டிக் கட்டிய ஒவ்வொரு துணி நாடாவையும் அவிழ்த்துக்கொண்டு வந்த இரு நண்பர்களுக்கும் நன்றி. காட்டில் நம்முடையது ஒன்றும் மிச்சமில்லை.

உள்ளூர்த் தம்பி தங்கைகள் நுழைவுக் கட்டணம் இல்லாமல் ஓடினார்கள். ஆண்களில் முதல் மூன்று இடமும் அவர்களுக்குத்தான். பெண்களில் முதலில் வந்தவர் முந்தைய நாள் மாலை வரை காப்பி பறித்துக்கொண்டிருந்தவர். அவருக்குக் கிடைத்த கைதட்டல் மலை அடிவாரம் முழுக்கக் கேட்டிருக்கும்.

ஓடியவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பாதை பிடித்துப்போய், மறுபடி ஏற வேண்டும் என்று தோன்றும். தனியாகப் போகாதீர்கள். வனத்துறையின் அனுமதியும் ஊரின் சம்மதமும் வாங்கிக்கொண்டு, ஊர்க்காரர் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துக்கொண்டு போங்கள்.

செலவு போக மீந்த பணத்தை என்ன செய்வது என்று ஊர்க் கூட்டத்திலேயே கேட்டோம். கோயிலுக்கு என்றோ விருந்துக்கு என்றோ சொல்வார்கள் என்று எதிர்பார்த்தோம். மடக்கி வைக்கக்கூடிய ஸ்ட்ரெச்சர் ஒன்றும் முதலுதவிப் பெட்டி ஒன்றும் கேட்டார்கள். இரண்டையும் வாங்கிவிட்டோம். வரும் ஞாயிறு மேலே கொண்டுவருகிறோம். முதலுதவிப் பயிற்சி கொடுக்க ஒரு செவிலியர் அக்காவும் எங்களோடு வருகிறார். அடுத்த ஆண்டுத் தேதியைப் பற்றி அன்றைக்கே ஊர்க் கவுண்டர் ஐயாவிடம் பேசிக்கொள்ளலாம்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
ஏற்பாட்டுக் குழுவின் சார்பில்