மீன் பெட்டியில் இடம் கொடுத்த அங்கிளுக்கு

வெள்ளத்தின்போது ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் எவ்வளவு ஏறியது, யார் எந்தக் கூரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அதே தண்ணீரில் நின்றவர்கள். அம்மா நலமாக இருக்கிறார். வீட்டுச் சேற்றை ஒருவழியாகக் கழுவி முடித்துவிட்டோம். இனியாவது நன்றி சொல்ல வேண்டும்.

படகு கொண்டுவந்த தம்பிகள், கோயில் மண்டபத்தில் விடிய விடிய சமைத்தவர்கள், குருத்வாராவிலிருந்து சுடச்சுட சப்பாத்தி அனுப்பியவர்கள், பெயர்கூடச் சொல்லாமல் மெத்தையை இறக்கிவைத்துவிட்டுப் போன லாரிக்காரர், வேலையிடத்துத் தோழிகள், எங்களை வீட்டோடு வைத்துக்கொண்ட அக்காவும் மாமாவும், எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஒவ்வொருவராகச் சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிடுவேன்.

கிள்ளான் மார்க்கெட் மீன்கார அங்கிளைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும். காலமான என் அப்பா கோலாலம்பூர் நெகாரா உள்ளரங்கத்தில் வேலை பார்த்தவர். வலை கட்டுவார், நாற்காலி அடுக்குவார், கூட்டம் கலைந்த பிறகு கூட்டிப் பெருக்குவார். மெர்டேக்கா 118 கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் இன்றைய பிள்ளைகளுக்கு அதன் பக்கத்திலேயே குனிந்து உட்கார்ந்திருக்கும் அந்த வட்டக் கூரை கண்ணில் படுமோ என்னவோ. மெர்டேக்கா அரங்கத்துக்கு 5 வயது இளையது, 1962 ஏப்ரலில் திறந்தது. சுமார் 10,000 பேர் உட்காரலாம். பூப்பந்து முடிந்தால் கூடைப்பந்து, அது முடிந்தால் தமிழ்நாட்டுப் பாடகர்களின் கச்சேரி என்று அரங்கம் வேடம் மாறும். மேடை போட்ட ஆணித் தடத்தைத் தேடித் தேடி அடைப்பதுதான் பெரிய வேலை என்பார் அப்பா. பூப்பந்து வலைக்கு என்று ஒரு அளவுக் குச்சி வைத்திருந்தார். கம்பத்தருகே 5 அடி 1 அங்குலம், நடுவில் சரியாக 5 அடி. அந்த ஓர் அங்குலத் தொய்வு இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

யாரோ கொடுத்த பழைய கேமராவில் அவர் எடுத்த படங்கள்தான் எங்கள் வீட்டுச் சொத்து. ஆண்கள் பூப்பந்து அணிகளுக்கான தோமஸ் கிண்ணத்தின் 1970 இறுதியாட்டத்தில் இந்தோனேசியாவிடம் 7-2 என்று நாம், மலேசியா, தோற்ற சமயத்தில் எடுத்தவை உண்டு. நம் அணி ஆட்டக்காரர் பஞ்ச் குணாளன் ஒரு மூலையில் துண்டால் முகம் துடைக்கும் படம் உண்டு. நம் ஆள் என்று அப்பா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார். கடைசி ஆல்பம் முழுக்க 1992.

அத்தனையும் சேற்றில் ஊறிக் கிடந்தன. நூலகத்தில் வேலை செய்யும் சித்தப்பா மகள் போனிலேயே சொன்னாள்: “வெயில்ல காயப்போட்றாதீங்கக்கா. ஒட்டியிருக்கிறதப் பிச்சு இழுக்காதீங்க. சுத்தமான பச்சத் தண்ணியில அலசி, நடுநடுவுல மெழுகுத்தாள் வச்சு, பையில போட்டு உறைய வச்சிருங்க. அப்புறம் மெதுவாப் பிரிச்சுக்கலாம்.” எங்கள் தாமானில் (குடியிருப்பில்) கரண்ட் இல்லை. அக்கா வீட்டு ஐஸ்பெட்டியில் இரண்டு பைக்கு மேல் கொள்ளவில்லை.

மார்க்கெட்டில் கேட்டுப் பார் என்றார் மாமா. முன்பின் தெரியாத கடை அது. சேறு வடியும் பைகளோடு நின்று எனக்குத் தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொன்னேன். புத்தாண்டு வியாபார நேரம் வேறு. அங்கிள் ஒரு பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றும் பேசாமல் பெரிய பெட்டியைத் திறந்து, உறைந்த தெங்கிரி மீனையும் கணவாயையும் அள்ளி வெளியே ஐஸ் கொட்டிய தெர்மோகோல் பெட்டிகளில் போட ஆரம்பித்தார். ஒரு பக்கம் முழுவதும் காலியானதும் என் பைகளை அவரே படுக்கையாக அடுக்கினார். அட்டை ஒன்றைக் கிழித்து ‘ஜாங்ஙான் ஜுவால்’ (விற்காதே) என்று மலாயில் எழுதி மேலே வைத்தார். வெளியே எடுத்த மீன் அன்றைக்கே போயாக வேண்டுமே, விலையைக் குறைத்துத்தான் கூவினார். நீட்டிய பணத்தை வாங்கவில்லை. “அட, தங்கச்சி, போ போ” என்று கையை ஆட்டிவிட்டார்.

பைகளைத் திரும்ப எடுக்கப் போனபோதுதான் பேச்சு வந்தது. 1992 மே 16 அன்று டிக்கெட் கிடைக்காமல் அரங்கத்துக்கு வெளியே நின்ற கூட்டத்தில் அவரும் இருந்தாராம். ரஷீத் சீடேக், ஃபூ கோக் கியோங், சியா சூன் கிட் என்று நம் ஆட்டக்காரர்களை விரல் மடக்கிச் சொன்னார். இந்தோனேசியாவை 3-2 என்று வென்று, 1967க்குப் பிறகு 25 வருஷம் கழித்துத் தோமஸ் கிண்ணம் நமக்கு வந்த இரவு. அதற்கப்புறம் இன்றுவரை வரவில்லை. “உள்ளே எப்படி இருந்தது?” என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்? அப்பா எடுத்த படம் ஒன்று இருக்கிறது: ஆட்டம் முடிந்து, ஆளில்லாத இருக்கைகள், தரையெல்லாம் காகிதம், தண்ணீர்ப் புட்டி, நடுவில் வலை மட்டும் அவிழ்க்காமல். அது பிழைத்தால் முதல் பிரதி உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிழைத்துவிட்டது. ஓரத்தில் நிறம் கரைந்திருக்கிறது, அவ்வளவுதான். 1970 படங்களில் பாதி போய்விட்டன. குணாளன் இருக்கிறார், துண்டுதான் இல்லை.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து முடிக்காமல் ஓய்வதில்லை என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். 1998 காமன்வெல்த் போட்டிக்கு புக்கிட் ஜாலில் விளையாட்டு வளாகம் வந்தபின் பெரிய ஆட்டங்கள் அங்கே போய்விட்டன, பழைய அரங்கத்து வேலையாட்களை நினைப்பார் யாருமில்லை. படங்களில் அப்பாவோடு நிற்கும் சிலரின் பெயர் அம்மாவுக்கும் தெரியவில்லை. உங்கள் அப்பாவோ தாத்தாவோ அங்கே வேலை பார்த்திருந்தால் ஒரு நாள் வீட்டுக்கு வந்து பாருங்கள். படங்களில் கொஞ்சம் கணவாய் வாடை அடிக்கும், முகம் சுளிக்காதீர்கள்.